பிஎச்பியும் என் திருமலை வேலையும்

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் உள்ள சின்ன விடுதிகளுக்கும் புறாமலைத் தீவுக்குப் படகு விடுகிறவர்களுக்கும் இணையத்தளம் செய்து கொடுப்பதுதான் என் தொழில். பத்து வருடத்துக்கு மேலாக எல்லாமே பிஎச்பி (PHP) என்ற நிரல் மொழியில்தான். "இன்னும் அதிலேயா நிற்கிறாய்?" என்று கொழும்பில் இருக்கும் நண்பர்கள் கேட்கிறார்கள். ஓம், அதிலேதான், ஏன் என்று சொல்கிறேன்.

சித்திரை பிறந்ததும் ஒரு விடுதிக்காரர் வந்து, "தம்பி, சீசன் தொடங்கப் போகுது, வெள்ளைக்காரர் ரூம் பார்த்துப் புக் பண்ணுற மாதிரி ஒன்று செய்து தாங்கோ" என்பார். கையில் பெரிய காசு இருக்காது. இந்த மொழி இலவசம், திறந்த மூலம் (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்), தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் மிக மலிவான ஹோஸ்டிங்கிலும் ஏற்கனவே போட்டிருக்கும். கோப்பை எழுதி, கோப்பு அனுப்பும் வழியான எஃப்டிபியில் ஏற்றினால் சரி, பக்கம் வந்துவிடும். யாராவது பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் நிரல் புதிதாகத் தொடங்கி, வேலையை முடித்து, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போய்விடுகிறது, அதனால் படகு புக்கிங் பக்கத்தில் நான் ஒரு பிழை விட்டாலும் அறை விலைப் பக்கம் தன்பாட்டில் நடக்கும். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லாத நாட்களில் இதன் அருமை நன்றாகத் தெரிந்தது: பிஎச்பிக்கு உள்ளேயே பக்கங்களைக் காட்டும் ஒரு சின்னச் சர்வர் உண்டு, லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும் வரை அதில் ஓட்டிப் பார்த்துவிட்டு, மாற்றிய ஒரே கோப்பை மட்டும் போன் டேட்டாவில் ஏற்றிவிடுவேன்.

1994இல் ராஸ்மஸ் லெர்டோர்ஃப் தன்னுடைய சொந்தப் பக்கத்துக்காக எழுதத் தொடங்கிய கருவி இது. பெரிய திட்டம் போட்டுக் கட்டிய வீடு இல்லை, தேவைக்குத் தேவை அறை இழுத்த வீடு. அது இன்றைக்கும் தெரிகிறது. ஒரு சொல்லுக்குள் இன்னொன்றைத் தேடும்போது எங்கே தேடுவது என்பதை முதலில் கொடுக்க வேண்டும், ஒரு பட்டியலுக்குள் தேடும்போது எதைத் தேடுவது என்பதை முதலில் கொடுக்க வேண்டும். இத்தனை வருடம் ஆகியும் நான் மனுவலைத் திறந்து பார்த்துத்தான் எழுதுகிறேன்.

ஆனால் எனக்கு உண்மையான மனத்தாங்கல் தமிழ் விஷயத்தில்தான். ஒரு தளத்தில் தலைப்பு நீண்டால் வெட்டிக் காட்டும்படி எழுதியிருந்தேன், ஆங்கிலத்தில் அழகாக இருந்தது. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் "திருகோ" என்று வந்து, "ண" வர வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கேள்விக்குறி. திருகோணமலை என்ற சொல்லின் நீளம் என்ன என்று, நீளம் சொல்லும் கட்டளையான ஸ்ட்ர்லென்னிடம் (strlen) கேட்டால் 30 என்கிறது, அது பைட்டை, அதாவது கணினி சேமிக்கும் சிறு அலகை, எண்ணுகிறது. எம்பி ஸ்ட்ர்லென் (mb_strlen) என்ற இன்னொரு கட்டளை 10 என்கிறது, அது விசிறியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணுகிறது, அதை நம்பி ஐந்தில் வெட்டினால் "கோ" வெறும் "க" ஆகிவிடும். நாங்கள் எண்ணுகிற மாதிரி ஆறு என்று சொல்வது கிராஃபீம் ஸ்ட்ர்லென் (grapheme_strlen) மட்டும்தான், அதற்கு intl என்ற நீட்சி, அதாவது கூடுதல் பகுதி, வேண்டும், அதைப் போட்டுத் தரச் சொல்லி ஹோஸ்டிங்காரரிடம் இரண்டு கிழமை கெஞ்சினேன். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு முறையை அடிமட்டத்திலிருந்தே கொண்டுவரத்தான் பிஎச்பி 6 என்று ஒன்றைத் தொடங்கினார்கள், அது வெளிவராமலே கைவிடப்பட்டது. அது வந்திருந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

அப்புறம் பதிப்பு மாற்றம். வேறொருவர் செய்து விட்டுப்போன ஒரு பழைய தளத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், நல்ல சீசன் நேரம், ஹோஸ்டிங் நிறுவனம் ஒரு வார்த்தை சொல்லாமல் பிஎச்பியை 5ஆம் பதிப்பிலிருந்து 7க்கு மாற்றிவிட்டது. அந்தத் தளத்தில் இருந்தவை மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்துடன் பேசும் பழைய கட்டளைகள், 7இல் நீக்கப்பட்டவை. தளம் முழுக்க வெள்ளைப் பக்கம். விடுதி அம்மா நிமிடத்துக்கொரு தடவை அழைக்க, விடியும் வரை இருந்து மாற்றி எழுதினேன். அந்தக் கட்டளைகளை நீக்கியது சரிதான், 2013இலேயே எச்சரித்தும் இருந்தார்கள். சொல்லாமல் மாற்றியதுதான் பிழை.

2015 கடைசியில் வந்த 7 வேகத்தில் பழையதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 2020இல் வந்த 8 இன்னொரு பெரிய தலைவலியைத் தீர்த்தது: அதற்கு முன்பு பூச்சியமும் "நிலாவெளி" என்ற சொல்லும் சமமா என்று கேட்டால் ஓம் என்று சொல்லும், இப்போது இல்லை என்கிறது. பழைய பிஎச்பியைப் பார்த்து வெறுத்துப் போனவர்கள் 8ஐ ஒரு தடவை எழுதிப் பார்க்க வேண்டும் என்று நான் மனதாரச் சொல்வேன். படகு இப்போது எங்கே நிற்கிறது என்று விநாடிக்கு விநாடி காட்டுகிற மாதிரி வேலைக்கு மட்டும் இதைப் பிடிக்காதீர்கள், அதற்கு வேறு கருவி எடுங்கள்.

பக்கத்து வீட்டுத் தம்பி ஏ எல் பரீட்சை எழுதிவிட்டு என்னிடம் பழக வருகிறான். ஒரு மதிப்பை வைத்திருக்கும் மாறிக்குப் பெயர் வைக்கச் சொன்னேன், டாலர் குறி போட்டு "அறைவிலை" என்று தமிழிலேயே எழுதிவிட்டு, "பிழையா அண்ணா?" என்று கேட்டான். பிழையில்லை, பிஎச்பி அதை ஏற்றுக்கொள்ளும். ஓட்டிப் பார்க்கச் சொன்னேன், 8500 ரூபா என்று திரையில் வந்தது.