மஸ்காதே: சிப்பிக்குச் சரியான ஜோடி, மீன்குழம்புக்கு இல்லை

பாரிஸில் ஞாயிறு சந்தைக்குப் போனால் ஒரு டஜன் சிப்பி, ஒரு பாட்டில் மஸ்காதே. பாட்டில் 8 யூரோ. மேற்கு பிரான்ஸில் நாந்த் நகரை ஒட்டி, லுவார் ஆறு கடலைச் சேரும் பக்கத்தில் விளையும் வெள்ளை ஒயின். திராட்சையின் பெயர் மெலோன் த பூர்கோஞ். அதில் முலாம்பழ வாசனை தேடி ஏமாந்தவன் நான்.

லேபிளில் 'சுர் லி' என்று இருக்கிறதா பாருங்கள். குளிர்காலம் முழுக்க ஈஸ்ட் வண்டலோடு கிடந்த ஒயின். நாக்கில் லேசாகச் சுருக்கென்று குத்தும், ரொட்டி மணமும் கொஞ்சம் வரும். சிப்பியை உறிஞ்சிவிட்டு ஒரு மடக்கு குடித்தால், எலுமிச்சை பிழியவே வேண்டாம்.

பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷாப்பலில் வாங்கிய வஞ்சிரத்தில் உப்பும் மிளகும் மட்டும் தடவிப் பொரித்தேன். பிரமாதம்! எண்ணெய்ப் பிசுக்கை ஒயினின் புளிப்பு துடைத்துவிடுகிறது. அதே மீனைப் புளி ஊற்றிக் குழம்பு வைத்த அன்று ஒயின் வெறும் தண்ணீராகிவிட்டது. மிளகாய்தான் இரண்டு மடங்கு எரிந்தது. (மனைவி மோர் குடித்தாள். புத்திசாலி.) குழம்புக்கு லேசாக இனிக்கும் ரீஸ்லிங் வெள்ளை ஒயின்தான் இனி.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிஷம் வெளியே வையுங்கள். ரொம்பச் சில்லென்று இருந்தால் மணமே தெரியாது.