பழைய எஸ்எஸ்டிக்கு எந்த என்க்ளோஷர்? பிளாஸ்டிக், அலுமினியம், யூஎஸ்பி4

லேப்டாப்பில் இருந்த 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டியை (எஸ்எஸ்டி என்பது கோப்புகளைச் சிப்பில் சேமிக்கும் டிரைவ், என்விஎம்இ அதில் வேகமான வகை) கழற்றிவிட்டு 1 டிபி போட்டேன். கழற்றியது நல்ல நிலையில் இருந்தது, டிராயரில் சும்மா போட்டு வைக்க மனம் வரவில்லை. ஒரு என்க்ளோஷர், அதாவது யூஎஸ்பியில் செருகும் வெளிப்பெட்டி, வாங்கி அதில் போட்டால் எங்கும் எடுத்துப் போகும் டிரைவாகிவிடும். அப்படி ஆரம்பித்து இரண்டு வாங்கிவிட்டேன், மூன்றாவதை நண்பரிடம் இரவல் வாங்கியும் பார்த்தேன். வாங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அளவு, வகை. எம்.2 எனும் மெல்லிய பட்டை வடிவ எஸ்எஸ்டியில் பெரும்பாலானவை 2280, அதாவது 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். எதற்கும் உங்களுடையதன் லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்விஎம்இயா சாட்டாவா (பழைய, வேகம் குறைந்த வகை) என்பதும் அதிலேயே இருக்கும். ரியல்டெக் ஆர்டிஎல்9210பி போன்ற சிப் உள்ள பெட்டி இரண்டையுமே ஏற்கும். 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் இவ்வளவு யோசிக்க வேண்டாம். அது அதிகம் சூடாகாது, சாதாரணப் பெட்டியே போதும்.

அப்புறம் வேகம். யூஎஸ்பி பெயர்களில் இருக்கிற குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. பெட்டியின் மேல் யூஎஸ்பி 3.2 என்று மட்டும் போட்டிருந்தால் அதிலிருந்து வேகம் தெரியாது. ஜென் 1 என்றால் 5 ஜிபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை ஜிகாபிட், 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்), ஜென் 2 என்றால் 10, ஜென் 2x2 என்றால் 20. நடைமுறையில் 5 ஜிபிபிஎஸ்ஸில் நொடிக்கு 450 எம்பி அளவுக்கும், 10இல் 1000 எம்பி அளவுக்கும் கிடைக்கும். 20 ஜிபிபிஎஸ் பெட்டியை நான் பரிசீலிக்கவே இல்லை. அந்த வகை போர்ட் பல லேப்டாப்களில் கிடையாது, இல்லாத இடத்தில் அது 10க்கு இறங்கிவிடும். கேபிளையும் கவனியுங்கள். போன் சார்ஜர் கேபிள் பல யூஎஸ்பி 2.0 வகை. அதைச் செருகினால் எவ்வளவு நல்ல பெட்டியும் நொடிக்கு 40 எம்பியில்தான் நகரும்.

நான் முதலில் வாங்கியது பிளாஸ்டிக் பெட்டி, 10 ஜிபிபிஎஸ். ஸ்க்ரூ கிடையாது, மூடியைத் தள்ளித் திறக்கலாம். எடை குறைவு, விலையும் குறைவு. சின்னச் சின்ன கோப்புகளை ஏற்றி இறக்கியவரை ஒரு குறையும் தெரியவில்லை. சித்திரை மாதம், திருச்சி வெயில், ஏசி இல்லாத அறை. தங்கையின் கல்யாண வீடியோ 180 ஜிபியை அதில் ஏற்றப் போனேன். பாதிக்கு மேல் போனதும் வேகம் சரிந்தது. கொஞ்ச நேரத்தில் டிரைவே திரையிலிருந்து மறைந்துவிட்டது. கழற்றிச் செருகினால் வரும், மறுபடி பாதியில் போகும். மூன்று முறை இப்படி ஆனது. டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பார்த்தால் எஸ்எஸ்டியின் வெப்பநிலை 76 டிகிரி. ஆனால் பெட்டியைத் தொட்டால் லேசான சூடுதான். அங்கேதான் விஷயம் புரிந்தது.

என்விஎம்இ எஸ்எஸ்டி வேலை செய்யும்போது சில வாட் மின்சாரத்தை இழுக்கும், அது அத்தனையும் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். லேப்டாப்புக்குள் ஃபேன் இருக்கிறது, கைக்கடக்கமான மூடிய பெட்டிக்குள் எதுவும் இல்லை. சூடு வெளியேற இருப்பது ஒரே வழி: சிப்பிலிருந்து தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மிருதுவான பட்டை), பேடிலிருந்து மூடி, மூடியிலிருந்து காற்று. இதில் ஓர் இடம் விட்டுப்போனாலும் சூடு உள்ளேயே தங்கும். எஸ்எஸ்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் கட் ஆகிவிடும்.

பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பேட் ஒட்டித்தான் இருந்தது. ஆனால் அதன் மேற்பரப்பு புதுசு போல வழவழவென்று இருந்தது, ஒரு தடம்கூட இல்லை. அதாவது மூடி அதன் மேல் படவே இல்லை. பட்டிருந்தாலும் பிளாஸ்டிக் பெரிதாகச் சூட்டைக் கடத்தியிருக்காது.

இரண்டாவதாக வாங்கியது அலுமினியப் பெட்டி, அதே 10 ஜிபிபிஎஸ், நான்கு ஸ்க்ரூ. இதைத்தான் இப்போது தினமும் பயன்படுத்துகிறேன், யார் கேட்டாலும் இதையே சொல்வேன். கூடவே இரண்டு பேட் வந்தன, ஒன்று மெலிது, ஒன்று தடிமன். பேடின் இரு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். இரண்டையும் உரிக்க வேண்டும், ஒன்றை மறந்தாலும் சூடு சரியாக இறங்காது. எஸ்எஸ்டி மேலுள்ள லேபிளை உரிக்காதீர்கள், வாரண்டி போய்விடும். எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகி, படுக்க வைத்து, பேடை ஒட்டி, மூடியை அழுத்தி ஸ்க்ரூ போட்டேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி திறந்து பார்த்தேன். பேடில் சிப்கள் சதுரம் சதுரமாகப் பதிந்திருந்தன. மெல்லிய பேடில் அந்தத் தடம் அரைகுறையாக இருந்ததால் தடிமனானதை மாற்றிப் போட்டேன், தடம் முழுசாக விழுந்தது.

அதே அறை, அதே 180 ஜிபி. ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறி முடிந்தது, எஸ்எஸ்டி 58 டிகிரியைத் தாண்டவில்லை. பெட்டிதான் நன்றாகச் சுட்டது. இதைக் குறை என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. வெளியே சுட்டால் உள்ளே இருந்த சூடு வெளியே வருகிறது என்று அர்த்தம். பெட்டி குளிர்ச்சியாக இருந்து உள்ளே எஸ்எஸ்டி கொதித்தால்தான் கவலைப்பட வேண்டும். பெட்டியை மெத்தை மேலோ துணி மேலோ வைக்காமல் வெறும் மேசையில் வைத்தால் போதும்.

அலுமினியத்திலும் தொல்லை இல்லாமல் இல்லை. எஸ்எஸ்டியை அடிக்கடி மாற்றுகிறவர்களுக்கு ஸ்க்ரூ கழற்றுவது சலிப்பாக இருக்கும். என் பழைய டெஸ்க்டாப்பின் முன்பக்க போர்ட்டில் செருகினால் சில நேரம் டிரைவ் வருவதில்லை. சாதாரண யூஎஸ்பி 3.0 போர்ட் தர வேண்டிய மின்சாரம் 4.5 வாட்தான், அதிகம் இழுக்கும் எஸ்எஸ்டிக்கு அது போதாது. பின்பக்க போர்ட்டில் சிக்கல் வந்ததில்லை.

யூஎஸ்பி4 பெட்டி நண்பருடையது, நான்கு நாள் மட்டும் என்னிடம் இருந்தது. 40 ஜிபிபிஎஸ், உள்ளே ஏஎஸ்எம்2464பிடி சிப், அடியில் சின்ன ஃபேன். அவருடைய மேக்கில் நொடிக்கு 3000 எம்பி வந்தது, 180 ஜிபி ஒரு நிமிடத்தில் போகிற வேகம் அது. என்னுடையதில் மூன்று நிமிடம். வீடியோவை டிரைவில் வைத்தபடியே எடிட் செய்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிது, அவர்கள் தயங்காமல் வாங்கலாம். என் லேப்டாப்பில் யூஎஸ்பி4 போர்ட் கிடையாது, என் எஸ்எஸ்டியும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது, விலையோ மூன்று நான்கு மடங்கு. அந்தச் சின்ன ஃபேன் நம் ஊர்த் தூசியில் எத்தனை நாள் ஓடும் என்பதை நான்கு நாள் பழக்கத்தில் சொல்ல முடியாது. ராத்திரி அமைதியில் அதன் சத்தம் கேட்டது, அது மட்டும் நிச்சயம்.

பிளாஸ்டிக் பெட்டியையும் தூக்கிப் போடவில்லை. அது சாட்டாவையும் ஏற்கும் வகை. அண்ணனின் பழைய லேப்டாப்பில் இருந்த 128 ஜிபி எம்.2 சாட்டா எஸ்எஸ்டியை அதில் போட்டுக் கொடுத்தேன். கடை பில்களை வாரம் ஒருமுறை அதில் ஏற்றுகிறார், இதுவரை ஒருமுறைகூட கட் ஆகவில்லை.