பில்லில் இரண்டு டைட்டானியம் ஸ்க்ரூ, எக்ஸ்ரேயில் ஒற்றைக் கம்பி

பெருவிரல் மூட்டு புடைத்து, விரல் அடுத்த விரல் மேல் சாய்ந்துபோனதற்காக எலும்பு அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்திருப்பவர்கள் இதை அவசியம் படியுங்கள்.

என் அக்காவிடம் அந்தத் தனியார் மருத்துவமனையில் சொன்னது இதுதான்: எலும்பை ‘வி’ வடிவில் வெட்டி நகர்த்தி, இரண்டு டைட்டானியம் ஸ்க்ரூக்களால் இறுக்குவோம், அவை எலும்புக்குள்ளேயே தங்கிவிடும், மறுபடி எடுக்க வேண்டியதில்லை. ஸ்க்ரூவுக்கான பணத்தை முன்னதாகவே கட்டினோம்.

கட்டு மாற்றிய அன்று துணியை விலக்கினால், விரல் ஓரத்தில் தோலைத் துளைத்துக்கொண்டு வளைந்த கம்பிமுனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் சிவந்து நீர் கசிந்திருந்தது. எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கினோம். ஸ்க்ரூ என்றால் அதன் புரிகள் பல் பல்லாகத் தெரியும். இதில் இருந்ததோ மழமழவென்று ஒரே கோடு. கே-ஒயர் என்கிற கம்பி.

கே-ஒயர் மட்டமான முறை அல்ல. நூறாண்டுக்கு மேலாகப் புழக்கத்தில் இருப்பது, விலையும் குறைவு. ஆனால் இப்படி வெளியே முனை விட்டு வைக்கும் கம்பியைப் பொதுவாக 4 முதல் 6 வாரத்தில் உருவியாக வேண்டும். அதுவரை அந்தத் துளை வழியே கிருமி இறங்காமல் காக்க வேண்டும். சர்க்கரை நோயுள்ளவரிடம் இதைச் சொல்லாமல் மறைத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எலும்பில் ஸ்க்ரூ பிடிக்கவில்லை என்றால் அதையாவது சொல்லியிருக்கலாமே! பில்லில் மட்டும் அது எப்படி ஏறியது?

“எல்லாம் ஒன்றுதான்மா, எலும்பு கூடினால் சரி” என்று அக்காவின் வாயை அடைத்தார்கள்.

ஸ்க்ரூ வரும் உறையில் நிறுவனப் பெயர், பேட்ச் எண், அளவு அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை நோயாளியின் கோப்பில் ஒட்டுவது வழக்கம். எங்கள் கோப்பில் ஒன்றுமில்லை. எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. அதைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்த பிறகே அறுவைக் குறிப்பு கைக்கு வந்தது. அதில் அவர்களே எழுதியிருக்கிறார்கள்: ஒரு கே-ஒயர்.

ஸ்க்ரூ பணம் திரும்பி வந்தது. கம்பியை உருவ வாங்கிய கட்டணத்தைத் தர மறுப்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம்.

கம்பியா, ஸ்க்ரூவா, பிளேட்டா, எத்தனை, உள்ளேயே இருக்குமா, எடுக்க வேண்டுமா, எடுக்கத் தனிக் கட்டணமா என்பதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஸ்டிக்கர் நகலும் எக்ஸ்ரேயும் கைக்கு வந்த பிறகு மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.