வாய்க்குள்ள தொப்பை: 6 வருஷ அனுபவம்

குடியாத்தம் ஃப்ரெண்டு நேத்து நைட்டு போன் பண்ணான், மச்சானுக்கு மேல்தாடைய எடுக்கணுமாம், ஃப்ரீ ஃப்ளாப் வைக்கறாங்களாம் (உடம்புல வேற எடத்துலருந்து சதைய எடுத்து அங்க ஒட்டறது), உனக்கு வச்சது எப்படி கீதுன்னு கேட்டான். கேக்கறதுக்கு நல்ல நேரம் பாத்தான், போன மாசம்தான் நானே ரிப்பேருக்கு போய்ட்டு வந்தேன்.

எனக்கு வச்சது வயித்து சதை, ரெக்டஸ். சதை, கொழுப்பு, தோல், ரத்தக்குழாய் எல்லாத்தையும் ஒண்ணா கழட்டி தாடை போன பள்ளத்துல அடைச்சு, கழுத்து ரத்தக்குழாயோட மைக்ரோஸ்கோப்புல பாத்து தைப்பாங்க, நூலு முடிய விட மெல்லிசு. முதல் ரெண்டு நாளு மணிக்கொரு தடவை சிஸ்டர் டாப்ளர் பேனாவ வைப்பாங்க, உள்ள ரத்தம் ஓடற சத்தம் கேக்கற கருவி. ஷுக் ஷுக்னு கேட்டாதான் எனக்கு உசுரு வரும், பேச முடியாதா, கட்டை விரல தூக்கி காட்டுவேன்.

இப்ப எனக்கு மேலண்ணம்னா அது வயித்து தோலுதான். சோறு வயித்துக்கு போறதுக்கு முன்னாடியே வயித்துல பட்டுட்டு போகுது. உணர்ச்சி கிடையாது, பருக்கை ஒட்டினா நாக்குக்கு தெரியும், அண்ணத்துக்கு தெரியாது, அடுத்த வீட்டு கூரைய தடவற மாதிரி.

அதெல்லாம் பழகிடுச்சுங்க. கடுப்பு வேற. நரம்பு இணைக்கல, சதை சூம்பிடும்னு சொல்லி கொஞ்சம் பெருசாவே வச்சாங்க, சொன்ன மாதிரியே சூம்புச்சு. கொழுப்பு சூம்பல! ரேடியேஷன் முடிஞ்சு பசி திரும்பி வந்துச்சு, ஆம்பூர் பிரியாணியும் கத்திரிக்கா தொக்குமா 9 கிலோ ஏறிட்டேன், வெளிய விழுந்த தொப்பை வாய்க்குள்ளயும் விழுந்துச்சு, சத்தியமா. மேலருந்து தொங்கி நாக்குல இடிக்குது, பஸ்ல காட்பாடின்னு கேட்டா கண்டக்டர் ரெண்டு தடவை எங்கங்கறாரு. டாக்டர்கிட்ட காட்டினா சிரிக்கறாரு, வயித்து கொழுப்பு இடம் மாறினா புத்தி மாறுமாங்கறாரு. இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? கடைசில அறுத்து கொறைச்சாங்க.

நியாயமாவும் சொல்லணும். வார்டுல பக்கத்து பெட் பெரியவருக்கு ஃப்ளாப் இல்ல, பள்ளத்த மூடற மாதிரி கழட்டி மாட்டற பிளேட்டுதான், அத கழட்டிட்டு தண்ணி குடிச்சா மூக்கால வரும். எனக்கு 6 வருஷத்துல ஒரு சொட்டு வந்ததில்ல. பல்செட்டு மட்டும் நிக்க மாட்டேங்குது, மெத்தை மேல பலகை வச்ச கதைதான்.

வைக்க சொல்லுடான்னுதான் சொன்னேன். ஆனா இன்னிக்கு கீற கடுப்புக்கு ரெண்டு ஸ்டாருக்கு மேல குடுக்க மனசு வரல. மச்சான் வெயிட்டு எவ்ளோன்னு கேட்டேன்.

94 கிலோவாம்.