நள்ளிரவில் காலியாகும் பட்டியல்: மைக்ரோசாஃப்ட் டு-டூ செயலி

மலேசியாவில் பகாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருக்கிறேன். எங்கள் ஆபீஸ் வேலை எல்லாம் தேதியில்தான் ஓடும். மாதம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் போட்டாக வேண்டும், 1955 வேலைவாய்ப்புச் சட்டம் அப்படி. அதனால் செக்ரோல் என்கிற சம்பளப் பட்டியல் ஒருநாளும் தள்ளிப்போகாது. வருமான வரிக்கும் ஏப்ரல் 30 என்று ஒரு நாள் இருக்கிறது. ஆனால் கணவரின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கில் வாரிசுப் பெயர் பதிவது, அம்மாவின் கண்ணைக் காட்டுவது, இதற்கெல்லாம் யாரும் கெடு வைப்பதில்லை. தோட்டத்துக் குடும்பங்களில் தள்ளிப்போவது இந்த மாதிரி வேலைகள்தான். ஆள் போன பிறகு வாரிசுப் பெயர் இல்லாமல் பணம் எடுக்க அலையும் குடும்பங்களின் கடிதங்களை நான்தான் டைப் அடித்துக் கொடுக்கிறேன். அந்த அலைச்சல் யாருக்கும் வேண்டாம்.

இப்படித் தள்ளிப்போகும் வேலைகளைக் குறித்து வைக்கத்தான் மைக்ரோசாஃப்ட் டு-டூ செயலியை வைத்திருக்கிறேன். அது பிடித்துப்போனதற்குக் காரணம் அதிலுள்ள ‘மை டே’ பக்கம். நள்ளிரவு தாண்டியதும் அது காலியாகிவிடும். நேற்று முடியாதது அழிந்துபோகாது, அதனதன் பட்டியலில் பத்திரமாக இருக்கும். ஆனால் இன்றைய பக்கத்துக்குத் தானாக வராது. மேலே இருக்கும் பல்பு படத்தைத் தட்டினால் “இதெல்லாம் பாக்கி” என்று காட்டும், நாம்தான் கையால் எடுத்துப் போட வேண்டும். பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது) முடிந்து பசியாறும் நேரத்தில் இதைச் செய்கிறேன். ஒரு வேலையைத் தினமும் பார்த்துவிட்டு எடுக்காமல் விடுவது மனதை உறுத்தும். அந்த உறுத்தல்தான் இந்தச் செயலியின் பலம். முடியாததை எல்லாம் தானாகவே மறுநாளுக்குக் கொண்டுவந்து குவிக்கும் செயலிகளில் பட்டியல் நீண்டுகொண்டே போகும், கடைசியில் திறக்கவே பிடிக்காது.

அடுத்தது, ஒரு வேலைக்குள் சின்னச் சின்னப் படிகள் போடலாம். “இபிஎஃப் வாரிசு” என்று மட்டும் எழுதி வைத்தால் அது மலைபோலத் தெரியும். அதற்குள் “லீவு கேட்பது”, “பிள்ளைகளின் மைகிட் (அடையாள அட்டை) எடுத்து வைப்பது”, “கவுண்டருக்குப் போவது” என்று பிரித்துப் போட்டேன். லீவு கேட்பது ஒரு நிமிட வேலை. அதை முடித்ததும் மற்றது தானாக நகர்ந்தது, கணவரும் கவுண்டருக்குப் போய்க் கைரேகை வைத்துவிட்டு வந்தார். தள்ளிப்போடுகிறவர்களைச் சோம்பேறி என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெரும்பாலும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல்தான் நிற்கிறார்கள்.

சாலை வரியை ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும்படி, காலாவதிக்கு இரண்டு வாரம் முன்பாகவே வைத்திருக்கிறேன். முதலில் காப்புறுதி எடுக்க வேண்டுமே, அதற்குத்தான். தோட்டத்துக்குள் லைன் கிடைக்காத இடத்திலும் குறித்துக்கொள்ளலாம், லைன் வந்ததும் சேர்ந்துவிடும். தமிழிலேயே எழுதுகிறேன், ஒரு தொல்லையும் இல்லை.

குறைகளும் உண்டு. முக்கியம் என்று காட்ட ஒரே ஒரு நட்சத்திரம்தான், டுடூயிஸ்ட் என்ற இன்னொரு செயலி போல நான்கு நிலை கிடையாது. அதனால் நானே கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்: கெடு இல்லாத முக்கிய வேலைக்கு மட்டும்தான் நட்சத்திரம். சம்பளப் பட்டியலுக்கு அது தேவையில்லை, அதை மேனேஜரே ஞாபகப்படுத்துவார். கைப்பேசிச் செயலியில் நேரம் வைத்து வேலை செய்யும் வசதியும் இல்லை. இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் கடைசியில் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து உருவாக்கிய 25 நிமிட முறை எனக்குப் பிடிக்கும், அதற்குத் தனியாகக் கைப்பேசி அலாரம்தான்.

செயலி இலவசம், விளம்பரம் இல்லை, ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடும். மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று திறக்க வேண்டும், வயதானவர்களுக்கு அதை நாம்தான் செய்து தர வேண்டும். மாமியாருக்குக் கிளினிக் தேதிகளை மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எழுத்து பொடியாக இருக்கிறது என்றார், கைப்பேசியின் எழுத்தளவைக் கூட்டியதும் சரியாகிவிட்டது.