பழைய ஹாலிவுட் படங்கள்: இலவசமா, சந்தாவா, டிஸ்க்கா, தியேட்டரா?

பழைய ஹாலிவுட் படங்களைப் பார்க்க இன்று வழிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பார்க்கும் வழி மாறினால் கண்ணுக்கும் காதுக்கும் கிடைக்கும் படமும் மாறிவிடுகிறது. இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸின் 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940) இதற்கு நல்ல உரைகல். 92 நிமிடப் படம். கேரி கிராண்ட் முடிப்பதற்குள் ரோசலிண்ட் ரஸ்ஸல் பேசத் தொடங்கிவிடுவார்; வசனத்தின் மேல் வசனம் ஏறுவதில்தான் நகைச்சுவையே இருக்கிறது. ஒலி கெட்டால் படம் கெட்டது.

முதலில் இலவசம். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, 28 ஆண்டுகள் முடிந்ததும் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும். இந்தப் படத்துக்கு யாரும் புதுப்பிக்கவில்லை. அதனால்தான் யூடியூபிலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் இது தாராளமாகக் கிடைக்கிறது. ('ஷரேட்' (1963) கதை இன்னும் பரிதாபம்: காப்புரிமை அறிவிப்பைச் சட்டம் கேட்ட வடிவில் போடாததால், வெளியான அன்றே உரிமை போய்விட்டது.) ஆனால் உரிமையாளர் இல்லாத படத்தின் பிரதியைப் பராமரிக்கவும் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. பல பதிவேற்றங்கள் தேய்ந்த பிரிண்டிலிருந்தோ பழைய வீடியோ டேப்பிலிருந்தோ எடுத்தவை. இரைச்சலில் மெய்யெழுத்துகள் மழுங்கி, இருவர் சேர்ந்து பேசும் இடங்களில் ஒன்றும் புரியாது. தானாக உருவாகும் சப்டைட்டிலும் அங்கேதான் தடுமாறும். பார்க்குமுன் திரையில் படத்தின் வடிவத்தைக் கவனியுங்கள். அகலத்திரை வருவதற்கு முந்தைய பெரும்பாலான பேசும் படங்களின் அகல-உயர விகிதம் 1.37:1. திரையின் இருபுறமும் கறுப்புப் பட்டை இருக்க வேண்டும். பட்டையே இல்லையென்றால் படத்தை இழுத்திருக்கிறார்கள், அல்லது தலையையும் காலையும் வெட்டியிருக்கிறார்கள்.

சந்தா என்று வந்தால் அமெரிக்காவில் போட்டி டிசிஎம் (டர்னர் கிளாசிக் மூவீஸ்) தொலைக்காட்சிக்கும் கிரைட்டீரியன் சேனல் என்ற ஸ்ட்ரீமிங் தளத்துக்கும் இடையேதான். 1994 ஏப்ரல் 14 முதல் ஓடும் டிசிஎம், படங்களை வெட்டாமல், நடுவில் விளம்பரம் போடாமல் காட்டுகிறது. அதன் நிறுவனர் டெட் டர்னர் 1986இல் வாங்கிய எம்ஜிஎம் ஸ்டூடியோவின் படத் தொகுப்பே அதன் அடித்தளம். யாரும் பேசாத 1930களின் சின்னப் படங்கள் கண்ணில் படுவது இங்கேதான், அறிமுக உரையோடு. ஆனால் அதற்குக் கேபிள் அல்லது நேரலைத் தொலைக்காட்சிச் சந்தா வேண்டும். பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட படம் சில நாட்களில் செயலியிலிருந்து மறைந்துவிடும். கிரைட்டீரியன் சேனல் 2019 ஏப்ரலில் தொடங்கியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும்தான் கிடைக்கும். ஓர் இயக்குநரை வரிசையாகப் பார்க்க இதுவே மேல். ஆனால் மாதக் கடைசியில் ஒரு தொகுதிப் படங்கள் வெளியேறும். வெளியேறவிருக்கும் படங்களைச் சொல்லும் 'லீவிங்' பட்டியலை முதலில் பாருங்கள். அங்கே நூலக அட்டை இருப்பவர்கள் நூலகங்கள் வழியாகக் கிடைக்கும் கனோப்பி ஸ்ட்ரீமிங் தளத்தை விடவே கூடாது, அது இலவசம்.

திரும்பத் திரும்பப் பார்க்கும் படமென்றால் எங்கள் தேர்வு பிளூ-ரேதான். காரணம் பிட்ரேட், அதாவது ஒரு வினாடிப் படத்துக்குச் செலவாகும் தரவின் அளவு. பிளூ-ரேயில் படத்துக்கு மட்டும் வினாடிக்கு 40 மெகாபிட் வரை இடமுண்டு. முழு எச்டி ஸ்ட்ரீமிங் பெரும்பாலும் 10ஐத் தாண்டாது. கறுப்பு-வெள்ளைப் படத்தின் ஃபிலிம் துகள்கள் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறுவதால் அவற்றைச் சுருக்குவது கடினம். பிட்ரேட் குறையும்போது துகள்கள் கட்டங்களாக உறைந்து, முகங்கள் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'வுக்கு 2017இல் வந்த கிரைட்டீரியன் பிளூ-ரே பதிப்பில், அதற்கு மூலமான நாடகத்தை முன்பே படமாக்கிய 'தி ஃப்ரண்ட் பேஜ்' (1931) படமும் சேர்ந்தே இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஹாக்ஸ் எதை மாற்றினார் என்பது பளிச்சென்று தெரியும்.

இந்தியாவில் இருப்பவர்கள், டிஸ்க் எந்த நாடுகளின் பிளேயரில் ஓடும் என்று சொல்லும் மண்டலக் குறியைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. கிரைட்டீரியனின் அமெரிக்கப் பிளூ-ரேக்கள் ஏ மண்டலம், இந்தியா சி. சாதாரணப் பிளேயரில் ஓடாது, மண்டலப் பூட்டு இல்லாத பிளேயர் வேண்டும். வார்னர் நிறுவனம் பழைய படங்களை வெளியிடும் வார்னர் ஆர்க்கைவ் வரிசையின் பிளூ-ரேக்கள் பெரும்பாலும் எந்த மண்டலத்திலும் ஓடும். 4கே யுஎச்டி டிஸ்க்குகளுக்கு மண்டலக் குறியே கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பிரிட்டன் டிவிடி வாங்கினால் வேறொரு சிக்கல்: அங்கே வழங்கும் பால் (PAL) தொலைக்காட்சி முறையில் வினாடிக்கு 24 ஃபிரேம்கள் 25 ஆக ஓடுவதால் 92 நிமிடப் படம் 88இல் முடியும், குரல்களும் சற்றுக் கீச்சிடும். ஏற்கெனவே வேகமான இந்தப் படத்துக்கு அது கொடுமை.

எதில் பார்த்தாலும் டிவியில் அசைவைச் செயற்கையாக வழவழப்பாக்கும் 'மோஷன் ஸ்மூத்திங்'கை அணைத்து, ஷார்ப்னெஸ்ஸைக் குறைத்துவிடுங்கள்.

தியேட்டருக்கு நிகர் இல்லைதான். ஆனால் ஊர் வாய்க்க வேண்டும். நியூயார்க்கின் ஃபிலிம் ஃபோரம், பாலோ ஆல்ட்டோவில் 1925இல் கட்டிய ஸ்டான்ஃபோர்டு, லாஸ் ஏஞ்சலஸில் ஃபிலிம் சுருளை மட்டுமே ஓட்டும் நியூ பெவர்லி ஆகியவை பழைய படங்களுக்குப் பேர்போனவை. அரங்கு சிரிக்கும்போது அடுத்த இரண்டு வசனங்கள் காதில் விழாது என்பதால், இந்தப் படத்தை ஒருமுறை வீட்டில் பார்த்துவிட்டுப் போவது நல்லது. டிக்கெட் எடுக்குமுன் அறிவிப்பில் ஃபிலிம் சுருளைக் குறிக்கும் '35 எம்எம்' என்று இருக்கிறதா, 'டிசிபி' என்று இருக்கிறதா என்று பாருங்கள். டிசிபி என்றால் டிஜிட்டல் கோப்பு. அதற்காக மட்டும் வெகுதூரம் பயணம் போக வேண்டியதில்லை.