இதயத்துக்கு எது பாரம்? மார்பகப் புற்றுநோய் சிகிச்சைத் தேர்வுகள்: ஓர் அலசல்

மார்பகப் புற்றுநோய் மருந்துகள் "இதயத்தைப் பாதிக்கும்" என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் அடக்கிவிடுகிறார்கள். உண்மையில் ஒரு மருந்து (டாக்சோரூபிசின்) இதயத் தசைச் செல்லைக் கொல்கிறது. இன்னொன்று (டிராஸ்டுசுமாப்) அதைச் சோர்ந்துபோக வைக்கிறது, நிறுத்தினால் பெரும்பாலும் தேறிவிடும். கதிர்வீச்சோ ரத்தக்குழாயை ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல அடைக்கிறது. எந்த இடத்தில் மாற்று கேட்கலாம், எப்போது எக்கோ (இதயத்தின் ஒலியலை ஸ்கேன்) எடுக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த வேறுபாட்டைப் பொறுத்தது.

சிவப்பு மருந்தோடா, இல்லாமலா?

ஹெர்2 பாசிட்டிவ் கட்டிகளுக்கு (செல்லை வளரத் தூண்டும் ஹெர்2 என்ற புரதம் மிகுந்தவை) நெடுநாளாக இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று ஏ.சி.-டி.எச். இதில் முதலில் டாக்சோரூபிசினும் (நோயாளிகள் 'சிவப்பு மருந்து' என்பது இதைத்தான்) சைக்ளோபாஸ்ஃபமைடும் 4 சுற்று போகும், பிறகு டாக்சேன் வகைக் கீமோ மருந்தும், ஹெர்2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப்பும். இன்னொன்று டி.சி.எச்., அதாவது டோசிடாக்செல், கார்போபிளாட்டின், டிராஸ்டுசுமாப். இதில் சிவப்பு மருந்தே கிடையாது.

3,222 பெண்களை வைத்து நடத்திய பி.சி.ஐ.ஆர்.ஜி. 006 ஆய்வு 2011-ல் வெளியானது. 5 ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஏ.சி.-டி.எச். பிரிவில் 84%, டி.சி.எச். பிரிவில் 81%. டிராஸ்டுசுமாப் பெறாத பிரிவில் 75%. இதயச் செயலிழப்பு வந்தவர்கள் ஏ.சி.-டி.எச்., டி.சி.எச். பிரிவுகளில் முறையே 2.0%, 0.4%. இதயத்தின் பம்பிங் அளவு (ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளியே தள்ளும் ரத்தத்தின் விழுக்காடு) தொடக்கத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து, குறைந்தபடியே நின்றவர்கள் 18.6%, 9.4%.

84-க்கும் 81-க்கும் உள்ள இடைவெளியைப் பார்த்ததும் பலர் முதல் பாதைக்குச் சாய்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வு இந்த இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட அமைக்கப்பட்டதல்ல, அந்த 3 புள்ளி தற்செயலாகவும் வரலாம். வயது 65-ஐத் தாண்டியவர், நெடுநாள் ரத்த அழுத்தம் உள்ளவர், தொடக்க பம்பிங்கே 50 முதல் 54-க்குள் இருப்பவர் ஆகியோருக்கு டி.சி.எச்.தான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. அதற்கும் விலை உண்டு. ரத்தத் தட்டணுக்கள் குறையும், ரத்தசோகை வரும். கார்போபிளாட்டின் அளவு சிறுநீரகச் செயல்பாட்டை வைத்துக் கணக்கிடப்படுவதால், பழைய கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டை நம்பி மருந்து ஏற்றக் கூடாது.

சிவப்பு மருந்தின் சேதம் கூட்டிக்கொண்டே போகும் கணக்கு. உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 400 மி.கி. ஏறினால் சுமார் 5% பேருக்கு இதயச் செயலிழப்பு, 550-ல் 26%, 700-ல் 48%. வழக்கமான 4 சுற்று (60 × 4) 240 மி.கி.யோடு நின்றுவிடுவதால் பெரும்பாலானவர்கள் தப்பிக்கிறார்கள். சிக்கல் வருவது, சின்ன வயதில் வேறு புற்றுநோய்க்கு இதே வகை மருந்து வாங்கியவருக்கும், நோய் திரும்பி மறுபடி வாங்குபவருக்கும்தான். பழைய டோஸ் வாழ்நாள் கணக்கில் அப்படியே நிற்கும், பத்து வருடம் ஆனாலும் கழியாது.

டிராஸ்டுசுமாப் அப்படியல்ல. அடிபட்ட இதயச் செல் தன்னைச் சரிசெய்துகொள்ளவும் ஹெர்2 சமிக்ஞை தேவை. இந்த மருந்து அதைத்தான் தடுக்கிறது. சிவப்பு மருந்து அடிக்கும் அதே நேரத்தில் பழுதுபார்க்கும் கையையும் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதைத் தொடக்ககால ஆய்வு காட்டிவிட்டது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது 27% பேருக்கு இதயக் கோளாறு வந்தது. அதனால்தான் இப்போது ஒன்று முடிந்த பிறகே மற்றது.

சிறிய கட்டி, நிணநீர்க் கணுவில் பரவல் இல்லை என்றால் 12 வாரம் பாக்லிடாக்செலோடு டிராஸ்டுசுமாப் என்ற மென்மையான பாதையும் உண்டு. இதை 406 பேரிடம் பார்த்ததில் இதயச் செயலிழப்பு வந்தது 2 பேருக்கு. டிராஸ்டுசுமாப் ஓர் ஆண்டுக்குப் பதில் 6 மாதம் போதுமா என்பது இன்னொரு கேள்வி. 2019-ல் வந்த பெர்செஃபோனி ஆய்வில் 4 ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஓராண்டுப் பிரிவில் 89.8%, 6 மாதப் பிரிவில் 89.4%, ஏறக்குறைய ஒன்றுதான். இதயத்தால் மருந்தை நிறுத்த வேண்டிவந்தவர்கள் ஓராண்டுப் பிரிவில் 8%, 6 மாதப் பிரிவில் 3%. ஆனாலும் ஓராண்டுதான் பொது வழக்கம். 9-ஆவது டோஸில் பம்பிங் இறங்கி நிறுத்த நேர்ந்தவர் "பாதிதான் கிடைத்தது" என்று இடிந்துபோகாமல் இருக்க இந்த எண்கள் உதவும்.

மூச்சைப் பிடித்தா, சாதாரணமாகவா?

கதிர்வீச்சில் இடது மார்புக்கே கவலை அதிகம். 2013-ல் வெளியான சுவீடன், டென்மார்க் ஆய்வின்படி, இதயத்தில் விழும் சராசரி டோஸ் 1 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கூடினால் மாரடைப்பு போன்ற பெரிய நிகழ்வுகள் 7.4% கூடுகின்றன. இந்த ஏற்றம் முதல் 5 ஆண்டுக்குள்ளேயே தொடங்கி 20 ஆண்டு தாண்டியும் போகிறது. இது ஏற்கெனவே உள்ள ஆபத்தின் மேல் ஏறும் விழுக்காடு. 5 கிரே விழுந்தால் 37% கூடும். நூற்றில் 4 என்றிருந்தவருக்கு அது 5.5 ஆகும், சர்க்கரையும் புகையும் சேர்ந்து நூற்றில் 15 என்றிருந்தவருக்கு 20.5. டோஸ் ஒன்றுதான், சுமை வேறு.

ஆழ்ந்து மூச்சிழுத்துப் பிடிக்கும் முறையில் நுரையீரல் உப்பி, இதயத்தை மார்புச் சுவரிலிருந்து கீழும் பின்னும் தள்ளுகிறது. சராசரி இதய டோஸ் பெரும்பாலும் பாதிக்கருகில் இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் 20 நொடி போலப் பிடிக்க வேண்டும். முதல் ஸ்கேனுக்கு ஒரு வாரம் முன்பே, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி மல்லாந்து படுத்துப் பழகுவது நல்லது. இழுக்கும் மூச்சு நெஞ்சுக்குப் போக வேண்டும், வயிற்றுக்கல்ல. அடிக்கடி நடக்கும் தவறு, திரையில் காட்டும் அளவை எட்டுவதற்காக முதுகை வளைத்து நெஞ்சைத் தூக்குவது. அளவு பச்சைக் கோட்டைத் தொடும், இதயமோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

மூச்சைப் பிடிக்க முடியாதவருக்குக் குப்புறப் படுத்துக்கொள்ளும் முறை உண்டு. பெரிய மார்பகம் உள்ளவருக்கு அது நன்றாகவே வேலை செய்யும். சிறிய மார்பகம் உள்ளவருக்குக் குப்புறப் படுத்ததும் இதயமும் முன்னால் சரிவதால் டோஸ் கூடவும் செய்யலாம். இரண்டு நிலையிலும் ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

டமாக்சிஃபனா, அரோமடேஸ் தடுப்பானா?

இரண்டும் ஹார்மோன் சிகிச்சை மாத்திரைகள். டமாக்சிஃபன் கெட்ட கொழுப்பைச் சற்றுக் குறைக்கும், ஆனால் கால் ரத்தக்குழாயிலும் நுரையீரலிலும் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். லெட்ரசோல், அனாஸ்ட்ரசோல் போன்ற அரோமடேஸ் தடுப்பான்களில் உறைவு குறைவு. இதய நிகழ்வுகள் டமாக்சிஃபனோடு ஒப்பிட்டால் சற்றுக் கூடுதலாகத் தெரிகின்றன. அதில் எவ்வளவு இவற்றின் கெடுதல், எவ்வளவு டமாக்சிஃபன் தந்த பாதுகாப்பு என்பது தீராத விவாதம். அதற்காக மாத்திரையை மாற்றுவதைவிடக் கொழுப்பையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதே பலன் தரும்.

எக்கோ, மூகா, எம்.ஆர்.ஐ.

போன எக்கோவில் 62, இந்த முறை 54. பயப்பட வேண்டுமா? சாதாரண இரு பரிமாண எக்கோவில், அதே இதயத்தை வேறொரு நாள் வேறொருவர் அளந்தாலே 10 புள்ளி வரை மாறும். அதனால் ஒரே மையம், ஒரே இயந்திரம், முடிந்தால் அதே டெக்னீஷியன் என்று வைத்துக்கொள்ள வேண்டும். முப்பரிமாண எக்கோவில் இந்த ஆட்டம் பாதியாகக் குறைகிறது. ஸ்ட்ரெயின் அளவும் (துடிக்கும்போது இதயத் தசை எவ்வளவு சுருங்குகிறது என்ற விழுக்காடு, மைனஸில் எழுதுவார்கள்) கேட்டு வாங்க வேண்டும். பம்பிங் இறங்கும் முன்பே அது இறங்கும். மைனஸ் 20 என்றிருந்தது மைனஸ் 17 ஆனால் 15% சரிவு, உற்றுக் கவனிக்க வேண்டிய கோடு அதுதான். ரத்த அழுத்தம் ஏறியிருந்தாலே ஸ்ட்ரெயின் குறைந்து தெரியும் என்பதால், எக்கோ நேரத்து பி.பி.யையும் ரிப்போர்ட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.

மூகா (கதிரியக்க ஊசி போட்டு எடுக்கும் இதய ஸ்கேன்) பம்பிங் அளவை நிலையாகத் தரும். ஆனால் வால்வு, இதய உறை, ஸ்ட்ரெயின் எதுவும் அதில் தெரியாது. 3 மாதத்துக்கு ஒருமுறை என்றால் ஒவ்வொரு முறையும் கதிரியக்க ஊசி வேறு. எக்கோ படம் தெளிவாக வராதபோது மட்டுமே அதற்குப் போகலாம். எம்.ஆர்.ஐ. மூன்றிலும் துல்லியமானது. மார்பகச் சீரமைப்புக்காக உள்ளே விரிவூட்டும் பை வைத்திருந்தால், பல பைகளில் காந்தம் இருப்பதால் கேட்காமல் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகவே கூடாது. பையோடு தந்த அட்டையைக் காட்டி, காந்தம் இல்லாததுதானா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

டிராஸ்டுசுமாப் ஓடும்போது பம்பிங் தொடக்கத்தைவிட 16 புள்ளி இறங்கினாலோ, இயல்புக்குக் கீழே போய் 10 புள்ளி இறங்கினாலோ குறைந்தது 4 வாரம் மருந்தை நிறுத்திவைத்து மறுபடி அளப்பார்கள். சிவப்பு மருந்துக்கு அந்த அவகாசம் கிடையாது. அதன் பாதிப்பு பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள்ளேயே எக்கோவில் தெரிந்துவிடும். 201 பேரைப் பின்தொடர்ந்து 2010-ல் வந்த ஆய்வில், எனலாபிரில், கார்வெடிலால் போன்ற இதய மருந்துகளை 2 மாதத்துக்குள் தொடங்கியவர்களில் 64% பேருக்குப் பம்பிங் திரும்பியது. 6 மாதம் தாண்டித் தொடங்கியவர்களில் ஒருவருக்குக்கூட முழுமையாகத் திரும்பவில்லை. சிகிச்சை முடிந்த ஓராண்டுக்குள் எக்கோ எடுக்க வேண்டும் என்பது இதனால்தான். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு 1, 3, 5 ஆண்டுகளில், அதன் பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை.

டிஸ்சார்ஜ் சம்மரியில் மூன்று எண்கள் இருக்கிறதா என்று பாருங்கள்: சிவப்பு மருந்தின் மொத்த அளவு (சதுர மீட்டருக்கு இத்தனை மி.கி.), இதயத்தில் விழுந்த சராசரி கிரே, கடைசி பம்பிங் எந்த முறையில் எடுத்தது. 15 ஆண்டு கழித்து நெஞ்சுவலி என்று போகும்போது எதிரே இருக்கும் டாக்டர் முதலில் தேடுவது இவற்றைத்தான்.